ஊசியும் மாத்திரையும் ஒரே நோட்டில்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: கிளினிக்கின் பெயரை எழுதப்போவதில்லை. நல்லது நாலு சொல்லும் கையோடு குறை இரண்டும் சொல்வேன்; அதற்காக ஒருவர் பிழைப்பில் மண்ணைப் போடும் எண்ணம் இல்லை. வழக்கமான கால்நடை மருத்துவத்தோடு அக்குபங்சர், நீர்ப்பயிற்சி, லேசர், கொஞ்சம் மூலிகை என்று எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் வைத்திருக்கும் இடம் அது. எட்டு மாதமாக என் நாயை அங்கே கூட்டிப்போகிறேன். பூனையை இரண்டே முறை. மூன்றாம் முறைக்குப் பூனை ஒத்துக்கொள்ளவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

நாயின் பெயர் முத்து. லாப்ரடார் கலப்பு, பதினோரு வயது, அங்கே முதன்முதலாகப் போனபோது 34 கிலோ. இடுப்பு மூட்டு இரண்டிலும் தேய்மானம், இடது முழங்காலில் பழைய காயம். காலையில் எழுந்திருக்கும்போது முன்னங்கால்களை ஊன்றி, பின்பக்கத்தை ஒரு தரம் தூக்கிப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி முயற்சி செய்வான். அந்தப் பார்வைக்காகத்தான் கண்டதையும் வாங்கிக் கொடுத்தேன்.

வாங்கிக் கொடுத்ததில் ஒன்று கிட்டத்தட்ட அவன் உயிரைக் குடித்திருக்கும்.

அப்போது வேறொரு மருத்துவமனையில் பார்த்துக்கொண்டிருந்தோம். மெலாக்சிகம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். நாய்களுக்கு வெகுகாலமாகப் பயன்படும் வலி மருந்து. அதன்மேல் குற்றம் ஒன்றும் இல்லை. அதே சமயத்தில் வீட்டுக்கு வந்து நாய்களுக்கு மசாஜ் செய்துவிடும் ஒருவர், "இது சுத்தமான மூலிகைங்க, பக்கவிளைவே கிடையாது" என்று ஒரு மூட்டுப் பொடி கொடுத்தார். சாப்பாட்டில் கலந்து பன்னிரண்டு நாள் போட்டேன். பதின்மூன்றாம் நாள் காலை முத்துவின் மலம் தார் மாதிரி கறுப்பாக, பிசுபிசுவென்று இருந்தது. ஈறு வெளுத்துப்போயிருந்தது. வயிற்றுக்குள் ரத்தக் கசிவு.

பொடி டப்பாவின் பின்பக்கம், எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்தில், நான்காவது பொருளாக வில்லோ மரப்பட்டை என்று இருந்தது. அதிலிருக்கும் சாலிசின் உடம்புக்குள் போய் சாலிசிலிக் அமிலமாக மாறும். ஆஸ்பிரினுக்கு மூத்த உறவு. மெலாக்சிகம் மாதிரி மருந்துகள் வீக்கத்தைக் குறைக்கும்போது, வயிற்றின் உள்சுவரைக் காக்கும் புராஸ்டகிளாண்டினையும் சேர்த்தே குறைத்துவிடும். அதன் தலையில் இன்னொரு சாலிசிலேட்டை ஏற்றினால் புண் வராமல் என்ன செய்யும்? தெரியாமல் இரண்டு வலி மருந்தை ஒரே நாளில் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒன்று மருந்துச்சீட்டில் இருந்தது, இன்னொன்று "சுத்தமான மூலிகை".

யார் மேல் தப்பு என்று பல நாள் யோசித்திருக்கிறேன். மருத்துவமனை டாக்டர் கேட்கத்தான் செய்தார்: "வேற மாத்திரை ஏதாவது கொடுக்கறீங்களா?" இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை, பொடி மாத்திரை இல்லையே. மசாஜ்காரர் கேட்கவே இல்லை. டாக்டருக்குப் பொடி தெரியாது, மசாஜ்காரருக்கு மாத்திரை தெரியாது, இரண்டும் தெரிந்த எனக்கு ஒன்றும் தெரியாது.

மெலாக்சிகத்தை நிறுத்தி, வயிற்றுப்புண்ணை ஆற்றும் ஒமெப்ரசோலும் சுக்ரால்ஃபேட்டும் கொடுத்து, நாலு நாள் உள்ளே வைத்துக் காப்பாற்றினார்கள். அந்த டாக்டரே டிஸ்சார்ஜ் சீட்டு எழுதும்போது, "இந்த மாதிரி சமாச்சாரத்தை விட மனசில்லேன்னா, ரெண்டும் தெரிஞ்ச இடத்துல போய்ப் பாருங்க. ரெண்டு பேரு கையில நாயை விடாதீங்க" என்று சொல்லி இந்தக் கிளினிக்கின் எண்ணைக் கொடுத்தார். கோபமாகத்தான் சொன்னார். ஆனால் அவர் சொன்னதுதான் சரி.

கிளினிக்கில் முதல் தடவை பார்ப்பதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்குகிறார்கள். போனில் நேரம் கொடுத்த பெண், "வீட்ல நாய் வாய்க்குள்ள போறது, தோல்மேல படறது எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வந்துருங்கம்மா. ஷாம்பு உள்பட" என்றார். பெரிய துணிப்பை நிறைந்துவிட்டது. பை நிறைந்த பிறகுதான் எனக்கே வெட்கமாக இருந்தது.

டாக்டர் ஐம்பது வயதுக்காரர், பெண்மணி. கால்நடை மருத்துவம் படித்து, அறுவைச் சிகிச்சை செய்து, பிறகு அக்குபங்சர் கற்றவர். முத்துவைத் தொடுவதற்கு முன் என் பையை மேஜைமேல் கொட்டி, டப்பா டப்பாவாக எடுத்துப் படித்தார். மூன்று குவியல் ஆயிற்று.

முதல் குவியல், இருக்கட்டும். அதில் விழுந்தது மீன் எண்ணெய் மட்டும். அதிலும் ஒரு பாடம் நடந்தது. டப்பாவின் முகப்பில் 1000 மில்லிகிராம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். பின்னால் திருப்பினால் ஒமேகா 3 கொழுப்புகளான ஈபிஏ 180, டிஹெச்ஏ 120. மூட்டுக்கு வேலை செய்வது அந்த முந்நூறுதான், மீதி வெறும் எண்ணெய். அவன் எடைக்கு நான் கொடுத்துவந்த ஒரு கேப்சூல் யானைப் பசிக்குச் சோளப்பொரி. அளவைக் கூட்டி எழுதினார், மலம் இளகினால் குறைக்கச் சொன்னார், அறுவைச் சிகிச்சை எதற்காவது போனால் முன்கூட்டியே தெரிவிக்கச் சொன்னார். அதிக அளவில் அது ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தலாமாம்.

இரண்டாம் குவியல், வீண் செலவு. மூட்டுக்கென்று விற்கும் குளுக்கோசமைன் மாத்திரை அதில் போய் விழுந்ததும் எனக்குத் திக்கென்றது. மூன்று வருஷமாக நம்பிக் கொடுத்துவந்தது. "கெடுதல் இல்ல. ஆனா பிரயோஜனமும் பெரிசா இல்ல" என்றார். 2022இல் நாய், பூனைகளின் மூட்டுவலிக்கான துணை உணவுகளைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்து அலசிய ஒரு தொகுப்பு வெளிவந்தது. அதில் ஒமேகா 3 தேறியது, குளுக்கோசமைனும் அதே மாதிரி மூட்டுக்கென்று விற்கும் காண்ட்ராய்ட்டினும் தேறவில்லை. அக்கா கொடுத்த ஹோமியோபதி சொட்டு மருந்தும் இதே குவியலில்தான். அந்தக் கிளினிக்கில் ஹோமியோபதி கிடையாது. பிரிட்டனின் கால்நடை மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 2017இல் விட்ட அறிக்கையிலேயே, ஹோமியோபதிக்கு ஏற்கத்தக்க சான்றோ அறிவியல் அடிப்படையோ இல்லை, அதை வழக்கமான சிகிச்சைக்குத் துணையாக வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாமே தவிர அதன் இடத்தில் வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அக்காவிடம் இதைச் சொன்னேன். "ஏண்டி, எல்லாம் கெமிக்கல்காரன் எழுதறது" என்றாள். அக்காவோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.

மூன்றாம் குவியல் நேராகக் குப்பைத் தொட்டிக்கு. வில்லோ பொடி. காட் லிவர் எண்ணெய்: மீன் எண்ணெய்தானே என்று வாங்கியது. ஈரலிலிருந்து எடுப்பதால் வைட்டமின் ஏ, டி இரண்டும் அதில் அதிகம், இரண்டும் உடம்பில் தங்கிச் சேரும். கடைசியாக ஒரு சின்னப் பாட்டில், டீ ட்ரீ எண்ணெய். முத்துவின் காதுக்குப் பின்னால் இருந்த சிரங்குக்குத் தடவ வைத்திருந்தேன். அதைப் பார்த்ததும் டாக்டர் முகம் மாறிவிட்டது. "வீட்ல பூனை இருக்கா?" என்றார். இருக்கிறது. நீர்க்காத அந்த எண்ணெய் சில சொட்டு தோலில் பட்டாலே நாய் பூனை இரண்டுக்கும் நடுக்கம், தள்ளாட்டம் வரும். பூனைக்கு இன்னும் மோசம். மனிதர் ஈரல் சில பொருள்களைக் கழித்துக்கட்ட வைத்திருக்கும் ஒரு வழி பூனையின் ஈரலில் அநேகமாக இல்லை. பாராசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லப் போதும் என்பதற்கும் அதே காரணம்தான். பூனையோ நாள் முழுக்கத் தன்னையும் நாயையும் நக்கிக்கொண்டிருக்கும் ஜீவன்.

இத்தனைக்கும் பிறகுதான் ஒரு நோட்டை எடுத்தார். பள்ளிக்கூட நோட்டு மாதிரி சாதாரண நோட்டு. முதல் பக்கத்தில் முத்து என்று எழுதி, கீழே கோடு போட்டு, வாய்வழி போவது, தோல்வழி போவது, ஊசிவழி போவது என்று மூன்று கட்டம். "இது உங்ககிட்டதான் இருக்கும்மா. எந்த டாக்டர்கிட்ட போனாலும் இதை முதல்ல நீட்டுங்க. இதுல இல்லாதது நாய்க்குள்ள போகக் கூடாது." எட்டு மாதத்தில் இந்தக் கிளினிக் எனக்குக் கொடுத்ததில் மிக உயர்ந்தது எது என்று கேட்டால் அக்குபங்சரும் இல்லை, லேசரும் இல்லை, இந்த நோட்டுதான். பழைய மருத்துவமனை டாக்டரும் இப்போது அதில்தான் எழுதுகிறார். முதல் தடவை வாங்கிப் புரட்டியவர், "பரவாயில்லையே" என்றார். அவர் வாயிலிருந்து அது வருவது பெரிய விஷயம்.

அடுத்து எடை. அக்குபங்சர் பார்க்கலாம் என்று போனவளை எடை மெஷினில் கொண்டுபோய் நிறுத்தினார்கள், அதாவது நாயை. உடல்வாகுக்கு ஒன்பது புள்ளி அளவுகோல் ஒன்று உண்டு. நாலு, ஐந்து சரியான உடம்பு. முத்துவுக்கு எட்டு. விலா எலும்பைத் தடவிக் கண்டுபிடிக்க விரலால் அழுத்த வேண்டியிருந்தது. குண்டான, மூட்டுத் தேய்ந்த நாய்கள் உடல் எடையில் ஆறு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் குறைந்ததுமே நொண்டல் கண்ணுக்குத் தெரியும்படி குறைகிறது என்று ஆய்வு இருக்கிறது. 34 கிலோவில் அது இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். "ஊசி போடறதுக்கு முன்னாடி இதைப் பண்ணுங்க. இதுக்கு நான் பில் போட முடியாது" என்று சிரித்தார். வீட்டுக்கு வந்து பிஸ்கட் டப்பாவை ஒளித்து வைத்தேன், முத்துவிடமிருந்து அல்ல, என் வீட்டுக்காரரிடமிருந்து. அவர்தான் யாரும் பார்க்காதபோது ஊட்டுகிறவர். 48 லாப்ரடார்களை இரண்டு இரண்டாக ஜோடி சேர்த்து, ஒன்றுக்கு 25 சதவீதம் குறைவாகத் தீனி கொடுத்து ஆயுள் முழுக்கக் கவனித்த ஆய்வைப் பற்றி டாக்டர் அவரிடம் சொன்னார். குறைத்துச் சாப்பிட்ட நாய்களின் இடைநிலை ஆயுள் 13 வருஷம், மற்றவற்றுக்கு 11.2. அன்றோடு பிஸ்கட் நின்றது.

வலி மருந்தை நிறுத்தவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். முழுமை மருத்துவம் என்று பலகை போட்டிருக்கும் இடம் என்றாலே, போனதும் மாத்திரையைத் தூக்கி எறியச் சொல்வார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் செய்தது வேறு. வயிறு ஆறும்வரை காத்திருந்து, ரத்தத்தில் சிறுநீரகமும் ஈரலும் எப்படி இருக்கின்றன என்று பார்த்து, மெலாக்சிகத்துக்குப் பதில் கிராபிபிரான்ட் ஆரம்பித்தார். புராஸ்டகிளாண்டின் உற்பத்தியையே அடைக்காமல், வலிக்குக் காரணமான ஈபி4 என்ற ஒரு வாசலை மட்டும் மூடும் மருந்து. இரவில் நரம்பு வலிக்கான கேபாபென்டின். அதற்கும் ஓர் எச்சரிக்கை: மனிதருக்கு விற்கும் கேபாபென்டின் திரவத்தில் சைலிட்டால் என்ற இனிப்பு கலந்திருக்கலாம், நாய்க்கு அது விஷம், சர்க்கரையைச் சட்டென்று கீழே இறக்கி ஈரலையும் கெடுக்கும். கேப்சூல்தான் வாங்க வேண்டும். நோட்டில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார்.

இப்போது எல்லோரும் கேட்கும் விஷயத்துக்கு வருகிறேன். ஊசி. (மருந்து ஏற்றும் ஊசி அல்ல, நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் என் வீட்டுக்காரர் முதல் வாரம் முழுக்க, என்ன மருந்து ஏற்றினார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.)

மங்கலான வெளிச்சம், தரையில் கனத்த பாய். மேஜைமேல் ஏற்றுவதில்லை. முத்து படுத்ததும் உச்சந்தலையில் ஒன்று. மயிரிழை மாதிரி மெல்லிய ஊசி, அவனுக்குத் தெரிந்த மாதிரியே இல்லை. பிறகு இடுப்புக்கு மேலே முதுகுத் தண்டு முடியும் இடத்தில் ஒன்று, இடுப்பு மூட்டைச் சுற்றிச் சில, முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாக ஒன்று. இடுப்பருகே ஓர் இடத்தில் மட்டும் திரும்பிப் பார்த்து உதட்டை நக்கினான். டாக்டர் உடனே அந்த ஊசியை எடுத்துவிட்டுச் சற்றுத் தள்ளிப் போட்டார். ஐந்து நிமிஷத்தில் கொட்டாவி. பத்தாவது நிமிஷத்தில் குறட்டை. சில நாள் இரண்டு ஊசிகளில் சின்னக் கிளிப் மாட்டி லேசான மின்சாரம் விடுவார். தோல் டிக் டிக்கென்று துடிக்கும், அவன் பாட்டுக்குத் தூங்குவான்.

மூன்றாவது தடவை நடந்ததைச் சொல்ல வேண்டும். இருபது நிமிஷம் கழித்து உதவியாளர் ஊசிகளை எடுத்துத் தட்டில் வைத்து எண்ணினார். பதின்மூன்று. நோட்டில் போட்டிருந்தது பதினான்கு. நான் எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்திருந்தேன். "நகராதீங்கம்மா" என்றார். பெரிய விளக்கைப் போட்டார்கள். அந்தப் பையன் மண்டியிட்டு முத்துவின் ரோமத்தை இரண்டு கட்டைவிரலால் சீப்பு மாதிரி வகிர்ந்து வகிர்ந்து பார்த்தான். பாயை உதறினார்கள். வெளியே அடுத்த ஆள் காத்திருந்தார், யாரும் அவசரப்படவில்லை. ஒன்பது நிமிஷம் கழித்து வால் அடியில், தானே கழன்று விழுந்து, ரோமத்தில் சிக்கிக் கிடந்த பதினான்காவது கிடைத்தது. எண்ணிப் போட்டு எண்ணி எடுக்கிற இடமா என்பதை நீங்களும் பாருங்கள். ஊசி போடுபவர் முதலில் பதிவுபெற்ற கால்நடை மருத்துவரா என்பதையும் கேளுங்கள். கால்நடை அக்குபங்சருக்கான சர்வதேசச் சங்கம் 1974இலிருந்து கால்நடை மருத்துவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்துச் சான்று தந்துவருகிறது, அந்த மாதிரி பயிற்சி இருக்கிறதா என்று கேட்பதில் தப்பில்லை. கட்டி இருக்கும் இடத்திலோ புண்பட்ட தோலிலோ ஊசி போடுவதில்லை. வலிப்பு வரும் நாய்க்கு மின்சாரம் இணைப்பதில்லை. இதெல்லாம் நான் கேட்காமலே அவர் சொன்னது.

நீர்ப்பயிற்சியைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஓடுபட்டை. கதவை அடைத்த பிறகு வெதுவெதுப்பான தண்ணீர் கீழிருந்து ஏறும். கணுக்கால் வரை தண்ணீர் இருந்தால் நாய் தன் எடையில் 91 சதவீதத்தைக் காலில் தாங்கும். முழங்கால் வரை என்றால் 85. இடுப்பு மூட்டு வரை ஏறினால் 38தான். அதாவது முத்துவின் 34 கிலோ திடீரென்று 13 கிலோவாகிவிடுகிறது. வீட்டில் குட்டிக் குட்டியாக எட்டு வைப்பவன், தண்ணீருக்குள் பின்னங்காலை முழுசாக நீட்டி நடந்ததைப் பார்த்தபோது தொண்டை அடைத்தது. முதல் நாள் நாலு நிமிஷம். இப்போது பதினெட்டு.

லேசரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டுவிட்டு முழங்காலில் காட்டினார்கள். ஆறு தடவைக்குப் பிறகு எனக்கும் வித்தியாசம் தெரியவில்லை, டாக்டருக்கும் தெரியவில்லை, நிறுத்திவிட்டோம்.

இவ்வளவு சொல்கிறாயே, உண்மையிலேயே தேவலையா, அல்லது உனக்கு அப்படித் தோன்றுகிறதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வெறும் நம்பிக்கையாலேயே தேவலை என்று தோன்றும் மனத்தேற்று விளைவு நாய்க்கு இருக்கிறதோ இல்லையோ, நாய் வளர்ப்பவருக்கு நிச்சயம் உண்டு. 2012இல் வெளியான ஓர் ஆய்வில், மூட்டுவலி உள்ள 58 நாய்களுக்கு வெற்று மருந்து மட்டும் போயிருந்தது. கால் எவ்வளவு அழுத்தமாக ஊன்றுகிறது என்பதைக் கருவி அளந்தது. கருவி முன்னேற்றம் காட்டாதபோதும் வளர்ப்பவர்களில் பலர் தேவலை என்றார்கள். மருத்துவர்களும் அதற்கு விலக்கில்லை. இதை எனக்குச் சொன்னதே அந்த டாக்டர்தான். தன் தொழிலின் அடிமடியில் கைவைக்கும் ஒன்றைத் தானே எடுத்துச் சொல்கிற ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை.

அதனால் அவர் சொல்லி, ஒவ்வொரு ஞாயிறும் காலை ஏழு மணிக்கு ஒரே இடத்தில் போனை நிறுத்தி வீடியோ எடுக்கிறேன். படுத்த நிலையிலிருந்து நாலு காலில் நிற்க எத்தனை விநாடி, சோபாவிலிருந்து வாசல் வரை நடை, இரவில் எத்தனை தடவை இடம் மாறிப் படுத்தான். முதல் ஞாயிறு எழுந்திருக்க ஒன்பது விநாடி, இரண்டு முயற்சி. பன்னிரண்டாம் வாரம் நாலு விநாடி, ஒரே முயற்சி. எடை 31.6. ஆக எது வேலை செய்தது? எடையா, மாத்திரையா, தண்ணீரா, ஊசியா? எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் செய்தால் எதற்குப் பாராட்டு கொடுப்பது?

இதை டாக்டரிடம் கேட்டதற்கு ஒரு விளையாட்டு சொன்னார். எட்டு வாரம். நாங்கள் இருவரும் வெளியே உட்கார வேண்டும். நாலு வாரம் ஊசி போடுவார், நாலு வாரம் வெறுமனே பாயில் படுக்க வைத்துத் தடவிக் கொடுப்பார். எது முதலில் என்று உறையில் எழுதி ஒட்டிவிடுவார். மற்றதெல்லாம் மாறாமல் நடக்கும். வீடியோவுக்கு மார்க் போடுவது என் வீட்டுக்காரர் வேலை.

உறையைப் பிரித்த நாள் அவர் கணக்குப் பார்க்கும் கண்ணாடியோடு வந்துவிட்டார். எழுந்திருக்கும் விநாடியில் வித்தியாசமே இல்லை. இரண்டு மாதமும் நாலு, நாலரை. ஆனால் ஊசி போட்ட நாலு வாரத்தில் இரவில் இடம் மாறிப் படுத்தது சராசரி இரண்டு தடவை, போடாத வாரங்களில் நாலு. "ஒரு நாயை வெச்சு ஊர் நியாயம் பேச முடியாதும்மா. முத்துவுக்கு வேணுமானா இதை வெச்சு முடிவெடுக்கலாம்" என்றார் டாக்டர். உலகச் சிறு விலங்கு கால்நடை மருத்துவச் சங்கம் 2014இல் வெளியிட்ட வலி வழிகாட்டியிலேயே அக்குபங்சருக்கு இடம் இருக்கிறது. மருந்துக்குப் பதிலாக அல்ல, மருந்தோடு. என் வீட்டு ஆராய்ச்சி சொன்னதும் ஏறக்குறைய அதுதான். வாரம் ஒரு தடவை என்று இருந்ததை மூன்று வாரத்துக்கு ஒரு தடவையாகக் குறைத்துக்கொண்டோம்.

பூனைக்கு வருகிறேன். பெயர் மைனா, என் மகள் வைத்தது, காரணம் கேட்காதீர்கள். பதினாலு வயது, சிறுநீரகம் தளர்ந்துவருகிறது, சிறுநீரகம் கழிக்க வேண்டிய கிரியேட்டினின் ரத்தத்தில் 2.4, அதாவது சிறுநீரக நோயின் நாலு கட்டத்தில் இரண்டாவது. அலமாரிமேல் தாவுவதையும் நிறுத்தியிருந்தாள். வயசாகிவிட்டது என்று விட்டிருந்தேன். பன்னிரண்டு வயதைத் தாண்டிய பூனைகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில் நூற்றுக்குத் தொண்ணூறில் மூட்டுத் தேய்மானம் இருந்ததாம். பூனை நொண்டாது, தாவுவதை மட்டும் விட்டுவிடும். அக்குபங்சருக்காக முதல் ஊசியை எடுத்ததும் காது இரண்டும் பின்னால் மடிந்தன. இரண்டாம் தடவை கூடையிலிருந்து வெளியே வரவே இல்லை. டாக்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். "இங்க வர்ற பயமே இவளுக்கு ஒரு நோய். விட்டுருங்க." மூலிகை? "பூனைக்கு, அதுவும் இந்தச் சிறுநீரகத்துக்கு, நான் எழுத மாட்டேன்." பாஸ்பரஸ் குறைந்த சிறுநீரகத் தீனி, வீடெங்கும் தண்ணீர்க் கிண்ணம், மணல் தட்டின் ஒரு பக்கத்தைத் தாழ்வாக வெட்டுவது, அலமாரிக்கு ஒரு படி. முழுமை மருத்துவம் என்ற பெயரில் எனக்குக் கிடைத்த நல்ல வைத்தியம் அந்த மணல் தட்டை வெட்டியதுதான்.

இனி குறைகள்.

முதல் நாள், டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே வரவேற்பில் பத்து தடவை பேக்கேஜ் எடுத்தால் சலுகை என்று ஒரு தாளை நீட்டினார்கள். நாய்க்கு என்ன என்றே தெரியாமல் பத்து ஊசிக்கு முன்பணமா? லேசருக்கும் அப்படி எடுத்திருந்தால் மீதி நாலு வீணாகியிருக்கும். வரவேற்பு மேஜைக்குப் பின்னால் அலமாரியில் நச்சு நீக்கும் சொட்டு மருந்து என்று வரிசையாகப் பாட்டில். உள்ளே டாக்டர் ஒவ்வொரு டப்பாவையும் திருப்பிப் படித்துக் குப்பையில் போடுகிறார், வெளியே அவர் கிளினிக்கே விற்கிறது. கேட்டேன். முகம் சிவந்தது. பங்குதாரரின் ஏற்பாடு என்றார். மூன்று மாதம் கழித்துப் பாட்டில்கள் காணாமல் போயின, பேக்கேஜ் தாள் இன்னும் இருக்கிறது.

இன்னொன்று மன்னிக்கக் கஷ்டமானது. ஓர் இரவு முத்து வாந்தி எடுக்கப் பார்த்து, ஒன்றும் வராமல், வெறும் எச்சிலோடு ஓங்கரித்துக்கொண்டே இருந்தான். வயிறு உப்பியிருந்தது. கிளினிக் எண்ணில் பேசிய பெண், "காலைல பத்தரைக்கு ஒரு நேரம் இருக்கு, போடட்டுமா?" என்றார். நெஞ்சு ஆழமான பெரிய நாய் இப்படி ஓங்கரித்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம்; காலை வரை காத்திருக்கும் நோய் அல்ல அது, சில மணி நேரத்தில் ஆளை முடித்துவிடும். நோட்டைத் தூக்கிக்கொண்டு பழைய மருத்துவமனைக்கு ஓடினோம். எக்ஸ்ரேயில் முறுக்கல் இல்லை, வெறும் காற்று. தப்பித்தோம். ஆனால் போனை எடுப்பவருக்கு அந்த ஒரு வாக்கியமாவது கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்: உடனே அறுவைச் சிகிச்சை வசதி உள்ள இடத்துக்குப் போங்கள். புகார் எழுதிக் கொடுத்த பிறகு, மூடிய நேரத்தில் அழைத்தால் அதையே சொல்லும் பதிவுக் குரல் வைத்திருக்கிறார்கள்.

செலவு கூடத்தான் ஆகிறது. முன்பு ஆனதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். நீர்ப்பயிற்சிதான் பெரும்பங்கு. கையில் குறைவாக இருந்தால் எதை விடலாம் என்று டாக்டரிடமே கேட்டேன். யோசிக்காமல் வரிசை சொன்னார்: முதலில் லேசர், பிறகு ஊசி, பிறகு தண்ணீர், மாத்திரையையும் ரத்தப் பரிசோதனையையும் எடையையும் விடக் கூடாது. இந்த வரிசைக்காகவே இன்னொரு நட்சத்திரம் கொடுப்பேன். பதிவுக் குரல் வருவதற்கு முன் எழுதியிருந்தால் அதைத் திரும்ப வாங்கியிருப்பேன்.

ஐந்துக்கு நாலு. அடுத்த புதன்கிழமை ஆறு மாத ரத்தப் பரிசோதனை. சிறுநீரக எண்கள் நன்றாக இருந்தால் கேபாபென்டினை ஒரு படி குறைத்துப் பார்க்கலாம் என்று நோட்டில் எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே என் வீட்டுக்காரர் கையெழுத்தில், வாய்வழி போவது என்ற கட்டத்தில், நேற்றைய தேதி போட்டு: "பிஸ்கட், அரை."